அணையில் 143, பூஞ்சையில் 143

எங்கள் வீட்டில் 143 என்றால் பாபநாசம் அணை. உச்ச நீர்மட்டம் 143 அடி. காலையில் பேப்பர் வந்ததும் அப்பா தலைப்புச் செய்தியைப் பார்க்கமாட்டார். உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும் அணை நிலவரத்துக்கு நேராகப் போவார். பாபநாசம் 143, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. வாய்ப்பாடு மனப்பாடம் ஆகுமுன்பே இந்த மூன்று எண்ணும் எனக்கு மனப்பாடம்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் 143-க்கு இன்னொரு அர்த்தம் இருப்பது தெரிந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒருவன் அந்த எண்ணை எழுதி நீட்டியபோது, "அணை நிரம்பிட்டா?" என்று கேட்டுவிட்டேன். அந்தக் கதை அதோடு சரி.

மூன்றாவது 143-ஐப் பற்றித்தான் இந்தப் பதிவு. நெல்லின் குலை நோய்ப் பூஞ்சைக்குள், அதன் மைட்டோகாண்ட்ரியாவுக்குள், சைட்டோகுரோம் பி என்ற புரதத்தில் 143-ஆவது இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு அமினோ அமிலம். என் முதுகலைக் காலத்தில் அந்த எண்ணைத் தூக்கத்தில்கூட உளறியிருப்பேன். அது எங்கள் வயலுக்கே வந்து நிற்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

எங்கள் வயல் சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. கார் போகத்துக்கு என்னத்தையாவது போட்டாலும் பிசான போகத்துக்கு அப்பா ஆந்திரா பொன்னிதான். அது குலை நோய்க்குச் சட்டென்று இடம் கொடுக்கிற ரகம். அம்பை 16 போடலாமே என்றால், "குண்டரிசி இப்ப யாருட்டி திங்கா? வியாபாரி வாங்கணும்லா" என்பார். சந்தை சொல்வதைத்தான் வயல் கேட்கிறது. பயிர் நோயியல் படித்தவள் பேச்சு அங்கே எடுபடாது.

அந்தப் பிசானத்தில், தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும், ராத்திரி போன் வந்தது. "கதிரு பூரா வெளுத்து நிக்குட்டி. தொட்டா கழுத்து ஒடியுது." அதற்கு மேல் அவர் பேசவில்லை, அம்மாதான் பேசினாள். சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்க்க முற்றிய வயல் மாதிரிதான் இருந்தது. கிட்டே போனால், கதிர் தாளை விட்டு வெளியே வரும் அந்தக் கணு கருத்துச் சுருங்கியிருந்தது. அதற்கு மேலே எல்லாம் சாவி, வெறும் பதர். கையில் உருவினால் உமி மட்டும் வந்தது. இலையில் குலை நோய் வந்தால் கண் வடிவப் புள்ளிகள்தான், பயிர் அதைத் தாண்டிப் பிழைத்துவிடும். கழுத்தில் வந்தால் பால் பிடிக்கிற நேரத்தில் தொண்டையை நெரித்த மாதிரி.

மருந்து அடிக்காமல் இல்லை. பவர் ஸ்பிரேயர் வைத்து, டெபுகோனசோலும் ஒரு ஸ்ட்ரோபின் வகை மருந்தும் சேர்ந்த கலவையை அடித்திருந்தார். விலை கூடிய மருந்து. அப்புறம் ஏன் கேட்கவில்லை என்பதற்கு அந்த ஒரு வார இறுதியில் மூன்று விளக்கம் கிடைத்தது.

அப்பா சொன்னது: "மருந்து டூப்ளிகேட்டு."

மருந்துக்கடை அண்ணாச்சி சொன்னது: "அதெல்லாம் ஒரிஜினல்தான் தாயி. நோயி மருந்துக்குப் பழகிப்போச்சு. மனுசனுக்குச் சாராயம் பழகுத மாதிரி. மொத வருசம் ஒரு மூடி போதும், இப்ப ரெண்டு மூடி ஊத்தணும்."

நான் எனக்குள் சொல்லிக்கொண்டது: ஜி143ஏ.

மூன்றாவதைப் புரியவைக்க வேண்டுமானால், அந்த ஸ்ட்ரோபின் மருந்து எங்கேயிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஐரோப்பாவில் பைன் மரத்தடியில் விழுந்து மக்கும் கூம்புகளின் மேல் ஸ்ட்ரோபிலூரஸ் டெனசெல்லஸ் என்று ஒரு சின்னக் காளான் முளைக்கும். கூம்பில் இருக்கிற கொஞ்ச உணவுக்கு வேறு பூஞ்சைகளும் போட்டிக்கு வருமே, அவற்றை விரட்ட இந்தக் காளான் ஒரு பொருளைச் சுரக்கிறது. ஜெர்மனியில் டிம் ஆங்கேயும் வொல்ஃப்கேங் ஸ்டெக்லிஷும் 1977-ல் அதைப் பிரித்தெடுத்து ஸ்ட்ரோபிலூரின் என்று பெயர் வைத்தார்கள். வெயில் பட்டால் சிதைந்துவிடும் சரக்கு அது. வேதியியலாளர்கள் அதன் உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வெயில் தாங்கும்படி செய்தார்கள். 1996-ல் அசாக்ஸிஸ்ட்ரோபினும் கிரெசாக்சிம் மெத்திலும் சந்தைக்கு வந்தன. சேரன்மகாதேவிக் கடையின் அலமாரியில் நிற்கும் பாட்டிலுக்கும் பைன் காட்டுக் காளானுக்கும் இப்படி ஒரு உறவு.

அது கொல்லும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. பிடித்தது என்று சொல்வது தப்போ என்னவோ, ஆனால் நோயியல் படித்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்பது ஆற்றல் காய்ச்சும் அடுப்பு. சாப்பாட்டிலிருந்து உருவிய எலக்ட்ரான்களைக் கைமாற்றிக் கைமாற்றி ஒரு வரிசையாக அனுப்பும். நாற்று நடுகையில் வரப்பில் நின்று முடிச்சு எறிகிற மாதிரி, ஒருவர் எறிய ஒருவர் பிடிக்க. அந்த வரிசையில் மூன்றாவது கூட்டுப்புரதத்தில் சைட்டோகுரோம் பி இருக்கிறது. அதில் ஒரு பள்ளம் உண்டு. ஸ்ட்ரோபின் மருந்து போய் அந்தப் பள்ளத்தில் அடைத்து உட்கார்ந்துகொள்ளும். நடுவில் ஒருவர் கையை மடக்கிவிட்டார், முடிச்சு நகராது, வேலை நின்றுவிடும்.

குலை நோயின் வித்து பேரிக்காய் வடிவில் மூன்று அறையோடு இருக்கும். பனி ஈரத்தில் நெல்லின் மேல் விழுந்து முளைத்ததும், நுனியில் ஒரு குமிழைக் கட்டி, அதற்குள் 8 மெகாபாஸ்கல் வரை அழுத்தம் ஏற்றும். கார் டயரில் இருப்பதைப் போல முப்பது நாற்பது மடங்கு. அந்த அழுத்தத்தில்தான் நெல்லின் தோலைக் குத்தி உள்ளே போகிறது. எவ்வளவு ஆற்றல் வேண்டும் பாருங்கள். அடுப்பை அணைத்துவிட்டால் முளைப்பதே இல்லை. ஆகவே இந்த மருந்துக்கு முழு பலம் வித்து முளைக்குமுன் அடிக்கும்போதுதான். பூஞ்சை உள்ளே நுழைந்து, பயிரின் சதைக்குள் வேர் விட்ட பிறகு அடித்தால் பாதி பலம்கூட நிற்காது. இந்த வரியை மறக்க வேண்டாம், பின்னால் என் மூக்கை உடைக்க வருகிறது.

இப்போது 143. சைட்டோகுரோம் பி-யின் 143-ஆவது இடத்தில் இருப்பது கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது, பக்கத்தில் ஒரு ஹைட்ரஜன் மட்டும் தொங்கும். ஒல்லிப்பிச்சான் ஆள் உட்கார்ந்திருக்கும் சீட் என்று வையுங்கள், பக்கத்தில் மருந்துக்கு இடம் இருக்கிறது. கிளைசினை எழுதும் மரபெழுத்து ஜி-ஜி-டி. நடு எழுத்து மாறி ஜி-சி-டி ஆனால் அந்த இடத்தில் அலனின் வந்துவிடும். அலனினுக்கு ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் கூடுதல், அவ்வளவுதான். அந்தச் சின்னத் துருத்தல் மருந்தை உட்கார விடாது. எலக்ட்ரான் வேலை மட்டும் வழக்கம்போல நடக்கும். கிளைசினின் ஜி, இடத்தின் 143, அலனினின் ஏ. ஜி143ஏ என்பது இதுதான். இந்த மாற்றம் வந்த பூஞ்சையைத் தடுக்க நூறு மடங்குக்கு மேல் மருந்து ஊற்ற வேண்டும். அண்ணாச்சியின் ரெண்டு மூடியில் ஒன்றும் ஆகாது.

இந்த வகை மருந்தைத் தாங்கும் மாற்றங்கள் சைட்டோகுரோம் பி-யில்தான் நேர்கின்றன என்பதை 1989-லேயே ரொட்டி ஈஸ்ட்டை வைத்துக் காட்டியிருந்தார்கள், மருந்து கடைக்கு வருவதற்கு ஏழு வருடம் முன்பு. இன்னும் வேடிக்கை, அந்த மருந்தைச் சுரக்கும் காளான்கள் தங்கள் விஷத்தில் தாங்களே சாகாமல் இருப்பது எப்படி என்று பார்த்தால், அவற்றின் சைட்டோகுரோம் பி-யிலும் மாற்றம். மைசீனா வகைக் காளான் ஒன்றில் 143-ல் இருப்பது அலனின். பூட்டைச் செய்தவனே சாவியையும் செய்து இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறான். இவ்வளவும் தெரிந்திருந்தும் மருந்து வந்து இரண்டே வருடத்தில், 1998-ல், வட ஜெர்மனியில் கோதுமைச் சாம்பல் நோய் மருந்தை மதிக்கவில்லை என்ற செய்தி வந்தபோது எல்லாரும் திகைத்துப் போனார்கள்.

பிறகு வரிசையாக வந்தது. கோஸ்டாரிக்கா வாழையில் கறுப்பு சிகடோகா இலைநோய். அமெரிக்கப் புல்வெளிகளில், நம் குலை நோய்ப் பூஞ்சையின் நெருங்கிய சொந்தம். 2012-ல் ஜப்பானில் நெல் குலை நோயிலேயே. பிரேசிலில் கோதுமைக் குலை நோயில். எங்கே பார்த்தாலும் அதே 143, அதே எழுத்து.

இதில் என்னைக் கட்டிப்போட்ட விஷயம் வேறு. இந்த மாற்றம் பூஞ்சையின் உட்கருவில் இல்லை.

குலை நோய்ப் பூஞ்சையின் உட்கரு மரபுத்தொகுதி ஏறத்தாழ 4 கோடி எழுத்து. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக ஒரு சின்ன ஏடு, சுமார் 35 ஆயிரம் எழுத்து. சைட்டோகுரோம் பி எழுதப்பட்டிருப்பது அந்தச் சின்ன ஏட்டில். இந்த ஏடு மென்டலின் பட்டாணிக் கணக்குக்குக் கட்டுப்படாது. 1952-ல் மேரி மிட்செலும் ஹெர்ஷல் மிட்செலும் நியூரோஸ்போரா என்ற ரொட்டிப் பூஞ்சையில் மெதுவாக வளரும் ஒரு வகையைக் கண்டார்கள். 'போக்கி' என்று பெயர், சோம்பேறி என்று வைத்துக்கொள்ளலாம். சோம்பேறி தாயாக இருந்தால் பிள்ளைகள் அத்தனையும் சோம்பேறி. சோம்பேறி தகப்பனாக இருந்தால் ஒன்றுகூட இல்லை. பூஞ்சையில் தாய் ஏது தகப்பன் ஏது என்று கேட்பீர்கள். இரண்டு பூஞ்சைகள் சேரும்போது கருக்கூட்டைக் கட்டிச் சுமப்பது தாய். உட்கருவை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது தகப்பன். அடுப்பு தாய்வீட்டுச் சீதனம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் நாஞ்சில் நாடு. அங்கே ஒரு காலத்தில் மருமக்கள் வழி இருந்ததே, சொத்து ஒருவனுக்குத் தாய் வழியில் வரும், ஆனால் அவன் பிள்ளைகளுக்குப் போகாது, அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போகும். மைட்டோகாண்ட்ரியாவின் சட்டம் எழுத்துக்கு எழுத்து அதேதான். என் அப்பாவிடம் இருக்கிற மைட்டோகாண்ட்ரியா ஆச்சி கொடுத்தது, அது எனக்கு வரவில்லை, அத்தை பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது. இதைச் சொன்னபோது அப்பா, "நல்லதெல்லாம் அவளுக்குத்தான் போயிருக்கும்" என்றார். அத்தைக்கும் அவருக்கும் ஒரு வரப்புத் தகராறு நிலுவையில் இருக்கிறது.

வயலில் குலை நோய் பெரும்பாலும் கல்யாணம் கட்டிக்கொள்வதே இல்லை. வித்தில் இருந்து வித்து, அப்படியே நகல். ஆகவே மாறிய அடுப்பு ஒரு பூஞ்சைக்கு வாய்த்துவிட்டால் அதன் வாரிசு முழுக்க அதே அடுப்பு. ஆனால் வாய்ப்பது எப்படி? ஓர் உயிரணுவில் உட்கரு ஒன்று, மைட்டோகாண்ட்ரிய ஏட்டின் பிரதிகளோ ஏராளம். மாற்றம் முதலில் ஒரே ஒரு பிரதியில்தான் விழும். மிச்சம் எல்லாம் பழைய எழுத்து. அந்த ஒன்றால் பூஞ்சைக்கு என்ன லாபம்?

இதை அப்பாவுக்கு விளக்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை. விதைநெல்லில் கலப்பு விழுவது அவர் அறியாததா? ஒரு கோட்டை நெல்லில் நாலு மணி வேற்று ரகம். முதல் வருடம் கண்ணுக்குத் தெரியாது. கலப்பை அறுத்து எறியாமல் அதே நெல்லை விதைக்கு எடுத்து எடுத்துப் போட்டால், அதுவும் அந்தக் கலப்பு மற்றதைவிடத் தாக்குப்பிடிக்கிற சாதியாக இருந்தால், சில வருடத்தில் வயலே அதுதான். உயிரணு பிரியும்போது மைட்டோகாண்ட்ரியா கணக்குப் பார்த்துப் பங்கு பிரிப்பதில்லை. ஒரு பிள்ளைக்குக் கலப்பு கூடுதலாகப் போகும், ஒன்றுக்குக் குறைவாகப் போகும். மருந்து அடித்த வயலில் குறைவாகப் பெற்றது சாகிறது, கூடுதலாகப் பெற்றது பிழைக்கிறது. அடுத்த தடவை அடித்தால் இன்னும் ஒரு சலிப்பு. சல்லடை மாதிரி. கடைசியில் சுத்தமான 143 அலனின் மட்டும் மிஞ்சும். வயலுக்குள் ஒரு சல்லடை, ஒவ்வொரு பூஞ்சைக்குள்ளேயும் இன்னொரு சல்லடை, இரண்டையும் ஒரே மருந்து ஆட்டுகிறது.

இதனால்தான் அண்ணாச்சியின் 'பழகிப்போச்சு' என்ற சொல்லோடு எனக்குத் தகராறு. அது அவர் சொல் மட்டும் இல்லை, ஊரெல்லாம் அதையே சொல்கிறோம். கொசு சுருளுக்குப் பழகிப்போச்சு, காய்ச்சல் மாத்திரைக்குப் பழகிப்போச்சு. பழகுவது என்றால் ஒரே ஆள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கிக்கொள்ளக் கற்பது. சாராயம் பழகுகிறவன் அவனேதான். இங்கே எந்தப் பூஞ்சையும் எதையும் கற்கவில்லை. பழைய பூஞ்சை செத்தே போச்சு. மருந்து தெளிப்பதற்கு முன்பே, யாருக்கும் தெரியாமல், ஒரு எழுத்துப் பிழையோடு பிறந்திருந்தது எதுவோ அது நிற்கிறது. ஐரோப்பாவில் கோதுமை இலைப்புள்ளி நோயை ஆராய்ந்தவர்கள் இதே ஜி143ஏ குறைந்தது நான்கு தடவை தனித்தனியாகத் தோன்றிப் பரவியதைக் காட்டியிருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை. நாலு பேரும் அதே இடத்தில் அதே பிழை விட்டிருக்கிறார்கள்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பழகியவனுக்கு ரெண்டு மூடி ஊற்றலாம் என்று தோன்றும். ரெண்டு மூடியால் சல்லடை இன்னும் வேகமாக ஆடும், அவ்வளவுதான் நடக்கும்.

எல்லாப் பூஞ்சைக்கும் இந்தத் தப்பிப்பு வாய்க்கிறதா என்றால் இல்லை, அங்கேதான் கதை அழகாகிறது. கோதுமைத் துரு நோய்ப் பூஞ்சைகள் இத்தனை வருட ஸ்ட்ரோபின் தெளிப்புக்குப் பிறகும் ஜி143ஏ பக்கம் வரவில்லை. பாவூர்சத்திரம் சந்தைக்கு வருகிற தக்காளி இருக்கிறதல்லவா, அதன் இலையில் வட்ட வட்டமாகக் கருகல் போடும் ஆல்டர்நேரியா சோலானி, அதற்கும் வரவில்லை. காரணம், அவற்றின் சைட்டோகுரோம் பி மரபணுவில் 143-ஐ ஒட்டி உடனே பின்னால் ஒரு இடைச்செருகல் இருக்கிறது.

இடைச்செருகல் என்ற சொல்லை நான் ஏட்டுச்சுவடிக்காரர்களிடம் இருந்து எடுத்துக்கொண்டேன். மூலப் பாட்டுக்கு நடுவே எவரோ எந்தக் காலத்திலோ நுழைத்த வரிகள். மரபணுவிலும் அப்படி உண்டு. புரதம் செய்யுமுன் நகலில் இருந்து அந்த வரிகளை வெட்டி எறிந்து இரண்டு முனைகளையும் ஒட்ட வேண்டும். எங்கே வெட்டுவது? செருகல் தொடங்குமுன் வரும் மூல எழுத்துகளை அடையாளம் வைத்துத்தான். அந்த அடையாள எழுத்துகளில் 143-ஆவது சொல்லும் அடக்கம். ஜி-ஜி-டி, ஜி-சி-டி ஆனால் வெட்டுகிற இடம் பிடிபடாது. இடைச்செருகல் உள்ளேயே தங்கிப் பாட்டே பிதற்றலாகிவிடும். சைட்டோகுரோம் பி இல்லாமல் அடுப்பு இல்லை. மருந்திலிருந்து தப்பிக்கப் போன பூஞ்சை அந்த முயற்சியிலேயே சாகும்.

அதனால் தக்காளிக் கருகல் வேறு சந்து தேடியது. அமெரிக்க உருளைக்கிழங்கு வயல்களில் அதற்கு வாய்த்தது எஃப்129எல், 129-ஆவது இடத்தில் ஃபீனைல் அலனினுக்குப் பதில் லூசின். அது அரைத் தப்பிப்பு, பத்துப் பதினைந்து மடங்கு தாங்கும், அவ்வளவே. இதன் பங்காளி ஆல்டர்நேரியா ஆல்டர்நேட்டாவுக்கு அந்த இடைச்செருகல் இல்லை, அதில் ஜி143ஏ தாராளமாக வந்துவிட்டது. ஒரே குடும்பத்தில் ஒருவன் பரணில் பழைய குப்பை கிடக்கிறது, இன்னொருவன் பரணைத் துடைத்து வைத்திருக்கிறான். எந்தக் காலத்திலோ நுழைந்த உதவாத குப்பை ஒன்று தக்காளி விவசாயிக்கு மருந்தைக் காத்துக் கொடுத்திருக்கிறது. குலை நோய்ப் பூஞ்சைக்கு அந்த இடத்தில் குப்பை இல்லை. எங்கள் கெட்ட காலம்.

சரி, எங்கள் வயல். கருத்த கழுத்துகளாகப் பார்த்து ஏழு அறுத்துக் காகிதக் கவரில் போட்டேன். பாலிதீன் கூடாது, வேர்த்து அழுகிவிடும். ஒரு ஆய்வகத்தில் வேலை பார்க்கும் சிநேகிதியிடம் கொண்டுபோனேன். ஈரத்தில் வைத்து, வித்து எழுப்பி, ஒவ்வொரு கழுத்தில் இருந்தும் ஒரே வித்தைப் பிரித்து வளர்த்து, மரபுப்பொருள் எடுத்து, சைட்டோகுரோம் பி-யின் அந்தத் துண்டை மட்டும் பிசிஆரில் பெருக்கினாள். பிறகு ஒரு வெட்டு நொதி. ஜி-சி வந்து, நடுவில் எதுவோ ஓர் எழுத்து வந்து, மறுபடி ஜி-சி வந்தால் அந்த இடத்தில் மட்டும் அது வெட்டும். 143-ல் கிளைசின் இருந்தால் அந்த இடம் கிடையாது, அலனின் வந்தால் உருவாகிவிடும். மாறிய எழுத்தோடு செயற்கையாகச் செய்து வாங்கிய ஒரு துண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தாள்.

துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் பட்டையாகக் காட்டும் ஜெல்லை ஒளியில் வைத்தபோது நான் கண்டிப்பாக இரண்டிரண்டு பட்டைகளை எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஆசைப்பட்டேன். நம் ஊர் வயலில் நானே பிடித்தேன் என்று ஒரு பெருமை. ஒப்புத் துண்டு அழகாக இரண்டாகப் பிளந்து கிடந்தது. எங்கள் ஏழும் ஏழு ஒற்றைப் பட்டை. நம்பிக்கை வராமல் எழுத்தையும் வாசிக்கச் சொன்னேன். ஜி-ஜி-டி. ஏழிலும் ஜி-ஜி-டி. ஏழு கழுத்து ஒரு ஊர் ஆகாது, பக்கத்து வயலைப் பற்றிக்கூட அது பேசாது. ஆனால் எங்கள் வயல் எதனால் போச்சு என்பதற்கு அது போதும். மருந்தைத் தாங்கியதால் போகவில்லை.

பிறகுதான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். என்றைக்கு அடித்தீர்கள்?

அப்பா கொஞ்ச நேரம் அணை நிலவரத்தைப் படித்தார். "கதிரு பூரா வெளிய வந்த பெறவு."

தாளுக்குள் கதிர் திரண்டு பொதி கட்டி, அங்கொன்று இங்கொன்றாக எட்டிப்பார்க்கும்போதே அடித்திருக்க வேண்டும். ஸ்பிரேயர்க்காரருக்கு அந்த வாரம் ஊரெல்லாம் வேலை. அவர் வர ஒத்துக்கொண்ட நாளில் தூறல். அடுத்த நாள் பொங்கல், அதற்கடுத்த நாள் ஆள் தெளிந்திருக்கவில்லை. எட்டு நாள் போச்சு. அந்த எட்டு ராத்திரியும் பனி, தூறல், விடிந்தும் காயாத இலை. வித்துகள் கழுத்தில் உட்கார்ந்து முளைத்துக் குத்தி உள்ளே போய்விட்டன. அதன் பிறகு ஊற்றிய விலையுயர்ந்த மருந்து கதவைத் தாண்டிப்போன திருடனுக்குப் பூட்டு. நான் பாடப்புத்தகத்தில் அடிக்கோடிட்டுப் படித்த வரி இது. வயலில் நின்றபோது அது நினைவில் வரவில்லை, 143-தான் வந்தது. படிப்பில் கவர்ச்சியான பகுதி எப்போதும் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது.

அதற்காக 143-ஐ ஒதுக்கிவிட முடியாது. ஏழு கழுத்திலும் பழைய எழுத்து இருக்கிறது என்றால் எங்கள் வயலில் இந்த மருந்துக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். 2016-ல் வங்கதேசக் கோதுமைக்குள் நுழைந்த குலை நோய்க் கிளையும் ஸ்ட்ரோபினுக்கு இன்னும் கட்டுப்படுவதுதான். ஆனால் ஆய்வகத்தில் மருந்தோடு வளர்த்தால் அதிலிருந்து ஜி143ஏ எழுவதையும் பார்த்துவிட்டார்கள். நெல்லுக்கு வருவதும் அதே இனத்துப் பூஞ்சைதான்.

அண்ணாச்சி கடைக்கு அந்தச் சாயங்காலமே போனேன். பூஞ்சை மருந்து அடுக்கில் பத்துப் பன்னிரண்டு பெட்டி இருந்தது, பத்துப் பன்னிரண்டு பெயர், அட்டையில் புலி, மின்னல், வாள். ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைத்துத்தான் அவரும் கொடுக்கிறார், ஆட்களும் வாங்குகிறார்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்து அவற்றை எடுத்து ஒரு பக்கமாக வைத்தேன். அசாக்ஸிஸ்ட்ரோபின். ட்ரைஃப்ளாக்ஸிஸ்ட்ரோபின். பைராக்ளோஸ்ட்ரோபின். பிகாக்ஸிஸ்ட்ரோபின். கிரெசாக்சிம் மெத்தில் மட்டும் பேர் மாற்றிக்கொண்டு திரிகிற பங்காளி.

"அண்ணாச்சி, இது எல்லாம் ஒரே வீடு. 143-ல் எழுத்து மாறினா இதுல ஒண்ணுகூட வேலை செய்யாது. இந்தத் தடவை இதுன்னா அடுத்த தடவை அதோன்னு மாத்திக் குடுத்தா மாத்தினதா கணக்கில்ல."

அவர் பெட்டிகளைப் பார்த்தார். "அப்ப எதத்தான் குடுக்க?"

ட்ரைசைக்ளசோல் வேறு வீடு, அது அடுப்பைத் தொடாது. அந்தக் குமிழுக்குச் சுவர் பூசும் கருநிறமியை நிறுத்தும், அழுத்தம் ஏறாது. டெபுகோனசோல், டைஃபெனகோனசோல் இன்னொரு வீடு, பூஞ்சையின் தோல் நெய்வதைத் தடுக்கும். ஸ்ட்ரோபினை ஒரு போகத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், அதையும் தனியாக வேண்டாம், வேறு வீட்டு மருந்தோடு சேர்ந்த கலவையாக, கதிர் எட்டிப்பார்க்கும்போதே. இதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேர் வந்து யூரியா கேட்டுவிட்டுப் போனார்கள். அண்ணாச்சி ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் வீடுகளைக் குறித்துக்கொண்டார். வியாபாரம் குறையும் என்று முகம் சுளிப்பார் என நினைத்தேன், செய்யவில்லை. "எல்லாம் அடுக்குல அடுத்தடுத்து வச்சிருக்கேன் பாரு, தப்பு என்மேலதான்" என்று ஸ்ட்ரோபின் பெட்டிகளைத் தனித் தட்டுக்கு மாற்றினார். அடுத்த மாதம் போனபோது மறுபடி கலந்துதான் கிடந்தன. கடைப்பையன் மாறியிருந்தான்.

அப்பா வேறு வழி பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டு நாள்காட்டி தேதி கிழிக்கும் வகை. மருந்தடித்த நாளின் தாளை மட்டும் அவர் கிழித்துக் கசக்குவதில்லை. பின்பக்கம் எழுதி, முன்கட்டு ஆணியில் குத்தி வைக்கிறார். போன பிசானத்துத் தாளை எடுத்துப் பார்த்தேன். பென்சிலில் எழுதியிருந்தது: 'பொதி. ஒண்ணு ரெண்டு கதிர். சொரட்டாபின் கலவை. பனி உண்டு.' அதற்குக் கீழே, 'பாவநாசம் 138 அடி.'